தொழில்முறைச் சங்கத்தின் புதிய இணையதளம்: உறுப்பினர்களின் கருத்தைத் திரட்டும் முறை

புதிய இணையதளம் வெளியான அன்று மாலையே ஒரு கூகுள் படிவத்தைத் தயாரித்து, "தளம் எப்படி இருக்கிறது? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் தருக" என்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுவதுதான் பெரும்பாலான சங்கங்களில் நடக்கிறது. இரண்டே நாளில் கைகூப்பும் படங்களும் வாழ்த்துகளும் வந்து குவியும். நடுநடுவே "பழையதே நன்றாக இருந்தது" என்று சிலர் எழுதுவார்கள். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தில் எதை மாற்றுவது என்று வடிவமைப்பாளர் கேட்டால், செயற்குழுவிடம் பதில் இருக்காது.

மாநில அளவிலான இரண்டு தொழில்முறைச் சங்கங்களில் இந்த வேலையை முன்னின்று செய்திருக்கிறேன். முதல் சங்கத்தில் மேலே சொன்ன தவற்றை நானே செய்தேன். கீழே உள்ள வரிசை இரண்டாவதில் உருவானது: முதலில் தடயங்களைப் படிப்பது, பிறகு சிலருக்கு அருகில் அமர்ந்து பார்ப்பது, அதற்கும் பிறகே பலரிடம் கேட்பது. என்ன கேட்க வேண்டும் என்பது முதல் இரண்டையும் செய்தபின்தான் தெரிய வரும் என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கேட்பதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியவை

எதையெல்லாம் இன்னும் மாற்ற முடியும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சின்னமும் நிறமும் பொதுக்குழுவில் முடிவாகிவிட்டன என்றால் அவற்றைப் பற்றி ஒரு கேள்விகூட இருக்கக் கூடாது. ஒன்றைப் பற்றிக் கேட்டாலே அதை மாற்றப்போகிறார்கள் என்றுதான் உறுப்பினர் எடுத்துக்கொள்வார். மாறவில்லை என்றால் அடுத்த முறை பதில் சொல்ல முன்வர மாட்டார்.

அடுத்து, தளத்தை உருவாக்கிய நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இலவசப் பிழைதிருத்தக் காலம் எப்போது முடிகிறது, எது பிழை, எது கூடுதல் கட்டணத்துக்குரிய புதிய வேலை என்பவை தெரிந்தால்தான் கருத்துத் திரட்டலை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று திட்டமிட முடியும். பிழைதிருத்தக் காலம் முடிந்த மறுவாரம் அழகான அறிக்கை ஒன்றைக் கொடுப்பதால் யாருக்கும் பயனில்லை.

பழைய தளத்தை அகற்றிவிடுவதற்கு முன் அதன் முக்கியப் பக்கங்களைப் படமாக எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். "முன்பு இடது பக்கம் ஒரு பட்டியல் இருக்குமே" என்று ஒருவர் சொல்லும்போது, எந்தப் பட்டியலைச் சொல்கிறார் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

பிறகு, உறுப்பினர்கள் தளத்துக்கு எதற்காக வருகிறார்கள் என்ற பட்டியலைத் தயாரியுங்கள். இதைச் செயற்குழுவிடம் கேட்காமல் அலுவலக உதவியாளரிடம் கேளுங்கள். தினமும் தொலைபேசியை எடுப்பவர் அவர்தான். ஆண்டுச் சந்தா கட்டி ரசீது எடுப்பது, முகவரி மாற்றுவது, கருத்தரங்குக்குப் பதிவுசெய்வது, பங்கேற்புச் சான்றிதழை இறக்கிக்கொள்வது, வேறொரு ஊர் உறுப்பினரைத் தேடுவது, தேர்தல் அறிவிப்பைப் படிப்பது ஆகியவை பொதுவாக முதலிடத்தில் வரும். வெளியாட்களின் வேலைகளையும், அதாவது புதிதாகச் சேர விரும்புபவரும் ஒருவர் உண்மையிலேயே உறுப்பினர்தானா என்று சரிபார்க்க வருபவரும் செய்பவற்றையும், விட்டுவிடக் கூடாது. பத்து வேலைகளுக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக, ஒப்புதல். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் விவரங்களை எதற்காகப் பெறுகிறோம் என்பதைத் தெளிவாக அறிவித்து ஒப்புதல் பெறும்படி சொல்கிறது. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பும் உறுப்பினருக்கு உண்டு. திரையைப் பதிவுசெய்வது, தொலைபேசி எண் கேட்பது இரண்டுக்கும் நான்கு வரித் தமிழ் ஒப்புதல் படிவம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். பெயரே தேவைப்படாத இடத்தில் பெயரைக் கேட்காமல் இருப்பது அதைவிட நல்லது.

2. ஏற்கெனவே வந்துவிட்ட கருத்துகளைப் படித்தல்

நாம் கேட்கத் தொடங்கும் முன்பே உறுப்பினர்கள் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, சர்வர் பதிவேட்டில் '404' எனும் குறியீடு, அதாவது 'கேட்ட பக்கம் இல்லை' என்ற பதில், உள்ள வரிகளை. பழைய தளத்தின் முகவரிகளைப் புத்தகக்குறியாக வைத்திருப்பவர்களும் கூகுளில் பழைய இணைப்பு வழியாக வருபவர்களும் வெற்றுப் பக்கத்தில் போய் முட்டுவதை அந்த வரிகள் காட்டும். அதிகம் தேடப்படும் பழைய முகவரிகளைப் புதியவற்றுக்கு '301' எனும் நிரந்தரத் திசைமாற்றத்தால் இணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கருத்துக் கேட்டால், வருகிற குறைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும்.

இரண்டாவது, தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் தட்டிய சொற்கள். முகப்பிலேயே இருக்கும் ஒன்றைப் பலர் தேடியிருந்தால் அது அவர்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். தேடியும் எதுவும் கிடைக்காத சொற்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். இங்கே தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பழைய சுற்றறிக்கைகளும் இதழ்களும் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு பிடிஎஃப் ஆக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது தமிழ். தேடல் பெட்டிக்கோ பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். "உங்கள் தளத்தில் எதுவுமே இல்லை" என்று ஒருவர் கோபமாக எழுதினால், அவர் தேடியது உள்ளேயே இருந்துகொண்டு அகப்படாமல் போயிருக்கலாம்.

மூன்றாவது, அலுவலகத் தொலைபேசி. அதன் அருகில் ஒரு கோடு போட்ட நோட்டை வையுங்கள். தேதி, எந்தக் கருவி, என்ன செய்ய முயன்றார், அவர் சொன்ன சொற்கள் என நான்கு கட்டங்கள் போதும். கடைசிக் கட்டத்தை அவர் வாய்மொழியாகவே எழுதச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் ஒருவர்கூட "டாஷ்போர்டு" என்று சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் "என் பக்கம்", "என் கணக்கு" என்றே சொல்லியிருந்தார்கள். பொத்தானின் பெயரை மாற்றுவதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

3. யாரை அழைப்பது

"ஐந்து பேர் போதும்" என்று, பயனர்களை வைத்துத் தளங்களைச் சோதிக்கும் துறையில் அடிக்கடி சொல்வார்கள். ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது அது: ஒரு குறை சராசரியாக 31 விழுக்காட்டினரைத் தடுக்கும் என்று கொண்டால், ஐந்து பேரைப் பார்ப்பதற்குள் அத்தகைய குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். ஆனால் பத்தில் ஒருவரை மட்டுமே தடுக்கும் குறை ஐந்து பேரில் ஒருமுறையாவது தென்படுவதற்கான வாய்ப்பு 41 விழுக்காடுதான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் நீங்களே காணலாம். ஆகவே ஐந்து என்பது ஒரு வகைப் பயனருக்கு, ஒரு சுற்றுக்கு என்று கொள்ளுங்கள்.

சங்கத்தில் வகைகள் எளிதில் கிடைக்கும்: ஓய்வுபெற்ற ஆயுள் உறுப்பினர்கள், பணியில் உள்ளவர்கள், புதிதாகச் சேர்ந்த இளையவர்கள், மாவட்டக் கிளைப் பொறுப்பாளர்கள், உறுப்பினர் அல்லாதோர். எல்லாவற்றிலும் ஐந்தைந்து பேர் முடியாது என்றால் முதல் இரண்டிலிருந்து தொடங்கலாம். பார்வைக் குறைபாடு உள்ள ஓர் உறுப்பினராவது கட்டாயம் இருக்க வேண்டும். அவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானைத் தம்முடைய கணினியிலேயே பயன்படுத்தட்டும்.

செயற்குழு உறுப்பினர்கள், வடிவமைப்பின்போது கூட்டங்களில் இருந்தவர்கள், தலைநகரில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் நண்பர்கள் ஆகிய மூவகையினரை அழைக்காதீர்கள். முதல் சங்கத்தில் எனக்கு எளிதாகக் கிடைத்தவர்கள் இவர்கள்தான். எல்லோருக்கும் எல்லாமே எளிதாக இருந்தது.

4. அருகில் அமர்ந்து பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒருவருக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். அவர் தம் சொந்தக் கைப்பேசியிலோ கணினியிலோதான் செய்ய வேண்டும். அலுவலகத்தின் பெரிய திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். வீட்டில் அவர் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் கைப்பேசியில்தான் பொத்தான் திரைக்குக் கீழே போய் மறையும். அறையில் நீங்கள், அவர், குறிப்பெடுக்க இன்னொருவர் என மூவர் மட்டும் இருங்கள். சங்கத் தலைவர் "சும்மா ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்" என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தலைவர் முன்னால் எந்த உறுப்பினரும் "புரியவில்லை" என்று சொல்வதில்லை.

தொடங்கும்போது, "ஐயா, நாங்கள் தளத்தைத்தான் சோதிக்கிறோம், உங்களை அல்ல. மனத்தில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நான் நடுவில் உதவ மாட்டேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் உங்கள் மௌனத்தை அவர் அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்.

வேலையை ஒரு சூழலாகக் கொடுங்கள். தளத்தில் உள்ள சொல்லைக் கேள்வியில் பயன்படுத்தாதீர்கள். "சந்தா புதுப்பித்தல் பக்கத்துக்குப் போங்கள்" என்றால் அவர் 'சந்தா புதுப்பித்தல்' என்ற எழுத்தைத் தேடி அழுத்துவார். அது கண்பார்வைச் சோதனையாகிவிடும். "இந்த ஆண்டுக்கான பணம் இன்னும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி, ரசீதையும் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

எழுபது வயதைக் கடந்த ஓர் ஆயுள் உறுப்பினரின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்து, அதில் அச்சிட்டிருந்தபடியே உறுப்பினர் எண்ணை, முன்னெழுத்துகளும் சாய்கோடும் உட்பட, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "தவறான எண்" என்று சிவப்பில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார்; மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறைக்குப் பின் என்னைப் பார்த்து, "என் உறுப்பினர் பதவியையே எடுத்துவிட்டீர்களா தம்பி?" என்றார். புதிய தளம் இலக்கங்களை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவே இல்லை, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் இலக்கங்களை மட்டும் தட்டியே பழகியிருந்தோம். எந்தப் படிவத்திலும் அவர் இதைக் குறையாக எழுதியிருக்க மாட்டார். தம் அட்டை காலாவதியாகிவிட்டது என்றே நினைத்திருப்பார்.

அப்படி அவர் தடுமாறும்போது உதவக் கை பரபரக்கும். அதை அடக்கிக்கொள்வதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினமான பகுதி. "இங்கே என்ன எதிர்பார்த்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் முழுமையாகக் கைவிட்ட பிறகு மட்டுமே வழியைக் காட்டி அடுத்த வேலைக்கு நகருங்கள். குறிப்பில் 'முடியவில்லை' என்றே எழுதுங்கள். "நம்மிடம் பேசியபிறகு முடிந்தது" என்று எழுதுவது கணக்கில் ஏமாற்றுவதாகும்.

கண்டுபிடித்தவற்றில் பெரிய தடையை அன்றிரவே சரிசெய்ய முடிந்தால் செய்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். ஒரே சுவரில் ஐந்து பேரையும் முட்டவிடுவதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. அந்தச் சுவரை எடுத்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் சுவர் தெரியும்.

5. பலரிடம் கேட்கும் படிவம்

இப்போதுதான் படிவத்துக்கு நேரம் வருகிறது. பார்த்த குறைகள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று அளப்பதே இதன் வேலை. கருத்தைவிடச் செயலைப் பற்றிக் கேளுங்கள். "தளம் பிடித்திருக்கிறதா?" என்பதற்குப் பதிலாக இப்படி மூன்று கேள்விகள்: கடைசியாக எதற்காகத் தளத்துக்கு வந்தீர்கள்? அந்த வேலை முடிந்ததா? முடியவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது? இவற்றோடு கருவி, வயதுப் பிரிவு, உறுப்பினர் வகை ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். மூன்று நிமிடத்துக்கு மேல் பிடித்தால் பாதியில் மூடிவிடுவார்கள்.

செயற்குழுவுக்கு ஓர் எண் வேண்டும் என்றால், ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்' எனும், பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்பதை அளக்கும் பத்துக் கூற்று அளவுகோலைப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் 1 (சற்றும் உடன்பாடில்லை) முதல் 5 (முழு உடன்பாடு) வரை பதில். ஒற்றைப்படைக் கூற்றுகளுக்குப் பதிலிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படைக் கூற்றுகளுக்கு 5இலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் வரும். பல தளங்களின் சராசரியாகச் சொல்லப்படுவது 68. இது விழுக்காடு அல்ல என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். 68ஐப் பார்த்ததும் "முதல் வகுப்பில் தேர்ச்சி" என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாச் சங்கங்களிலும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. இரட்டைப்படைக் கூற்றுகள் எதிர்மறையானவை. பத்துக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனவரின் பதில் தனக்குத் தானே முரண்படும். அவற்றைத் தனியே ஒதுக்குங்கள். தமிழாக்கத்தையும் மூன்று பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே அனுப்புங்கள்.

இன்னொரு தவறு, "384 பேர் பதில் சொன்னால் போதும், பிழை ஐந்து விழுக்காட்டுக்குள்தான்" என்று சொல்வது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதில் சொன்னால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். தாமாக முன்வந்து நிரப்பியவர்கள் ஆயிரம் பேர் என்றாலும் அதைப் பயன்படுத்த முடியாது. மிகவும் பிடித்தவர்களும் மிகவும் எரிச்சலடைந்தவர்களுமே படிவத்தை நிரப்புகிறார்கள். உறுப்பினர் பதிவேட்டிலிருந்து குலுக்கலாக நூறு பேரை எடுத்து, பதிலளிக்காதவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது, எல்லோருக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட நம்பகமான விடையைத் தரும்.

6. அனுப்பும் வழி

தளம் வெளியாகி நான்கு வாரமாவது கழியட்டும். முதல் சில நாள்களில் வருவது பெரும்பாலும் பழக்கம் குலைந்த எரிச்சல்தான். சந்தா கட்டும் கடைசி வாரத்திலும் தேர்தல் நேரத்திலும் அனுப்பாதீர்கள். இணையதளத்தைப் பற்றிக் கேட்டால் நிர்வாகத்தைப் பற்றிப் பதில் வரும்.

குறுஞ்செய்தி அனுப்பத் திட்டமிட்டால் இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். இந்தியாவில் மொத்தக் குறுஞ்செய்திக்கு அனுப்புநர் பெயரும் செய்தியின் வாசகமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி எனும் பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல், செய்தியில் உள்ள இணைப்பும் முன்கூட்டிப் பதிவாகாவிட்டால் செய்தி போய்ச் சேராது. தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான் இடம். 'நி', 'கொ' போன்ற ஒவ்வோர் எழுத்தும் இரண்டு குறிகளாக எண்ணப்படும். ஆகவே முகமன் எதுவும் இல்லாமல் நேராக விஷயத்தை எழுதுங்கள்.

மூத்த உறுப்பினர்கள் செய்தியில் வரும் இணைப்பை அழுத்தப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. சுருக்கிய முகவரி வேண்டாம். சங்கத்தின் சொந்த முகவரியில் முடியும் இணைப்பையே கொடுங்கள். அச்சு இதழில் முன்கூட்டியே ஓர் அறிவிப்பும், அலுவலகத் தொலைபேசியில் வாய்மொழியாகவே பதில் சொல்லும் வாய்ப்பும் இருக்கட்டும்.

7. வந்தவற்றைப் பகுத்தல்

எல்லா வழிகளிலும் வந்தவை ஒரே அட்டவணைக்குள் சேர வேண்டும். ஒரு வரிக்கு ஒரு குறை. சொற்களை வைத்துக் குறைகளை அடுக்காதீர்கள், காரணத்தை வைத்து அடுக்குங்கள். "லாகின் ஆகவில்லை" என்று எழுதிய மூவரில் ஒருவரின் ஓடிபி அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்குப் போயிருக்கும்; இன்னொருவர் அட்டையில் உள்ளபடி சாய்கோட்டைத் தட்டியிருப்பார்; மூன்றாமவர் பழைய கடவுச்சொல் புதிய தளத்திலும் செல்லும் என்று நம்பியிருப்பார். முதலாவதற்குத் தீர்வு பதிவேட்டில் இருக்கிறது, இரண்டாவதற்கு நிரலில், மூன்றாவதற்கு ஒரு வரி அறிவிப்பில்.

பிறகு ஒவ்வொன்றும் வேலையை நிறுத்துகிறதா, தாமதப்படுத்துகிறதா, எரிச்சலூட்டுவதோடு நிற்கிறதா என்று குறியுங்கள். எத்தனை பேர் சொன்னார்கள் என்பது இதற்கு அடுத்தபடிதான். திரைவாசிப்பானில் கட்டணப் பொத்தான் "பொத்தான்" என்று மட்டும் வாசிக்கப்படுவதாகச் சொன்னவர் ஒரே ஒருவராக இருக்கலாம். ஆனால் அது அந்த நிலையில் உள்ள அத்தனை பேரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. "எழுத்து மங்கலாக இருக்கிறது", "பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் உள்ளது அழுந்துகிறது" போன்றவற்றை ரசனை என்று தள்ளிவிடாதீர்கள். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறையின் ஏஏ நிலைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டின் விகிதம் குறைந்தது 4.5க்கு 1 ஆகவும், அழுத்துமிடம் சில விலக்குகள் நீங்கலாகக் குறைந்தது 24க்கு 24 பிக்சலாகவும் இருக்க வேண்டும். அளந்து பார்த்துவிடலாம்.

"பழையதே நன்றாக இருந்தது" என்று எழுதியவர்களில் ஒப்புதல் தந்தோரை அழைத்து, "கடைசியாக எதைத் தேடினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சிலரிடம் பழக்கம் மட்டுமே காரணமாக இருக்கும். சிலரிடமிருந்து, புதிய தளத்தில் உண்மையிலேயே விடுபட்டுப்போன ஒரு பக்கம் வெளிவரும். "முகப்பில் பெரிய பொத்தான் வையுங்கள்" என்பது போன்ற தீர்வுகளை அப்படியே நிறைவேற்றாமல், அதன் பின்னால் உள்ள தேவையை எழுதிக்கொள்ளுங்கள். எல்லோர் சொல்லையும் கேட்டு முகப்பில் பதினான்கு பெரிய பொத்தான்களை வைத்த தளமும் உண்டு.

அட்டவணையில் 'சொன்னவர் பதவி' என்ற கட்டம் வேண்டாம்.

8. திருத்தமும் பதிலும்

மாற்றியவை, மாற்றப்போகிறவை, மாற்றப்போவதில்லை என்று முடிவுசெய்தவை என மூன்று பகுதிகளாக ஒரு பக்கம் எழுதி இதழிலும் தளத்திலும் வெளியிடுங்கள். மூன்றாவது பகுதிக்குக் காரணமும் வேண்டும். அதைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். தாம் சொன்னது எந்தப் பட்டியலிலும் இல்லாததைக் காணும் உறுப்பினர், யாரும் அதைப் படிக்கவே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். நம்மைத் தம் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துச் சோதனையில் பங்கேற்றவர்களுக்கு மட்டும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

திருத்தங்கள் ஏறிய பின் அதே வேலைகளைப் புதிய ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். முன்பு வந்தவர்களையே அழைத்தால் அவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அதன்பின், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "இந்தப் பக்கத்தில் சிக்கலா?" என்ற ஓர் இணைப்பை நிரந்தரமாக வைத்துவிடலாம்; எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தானாகவே பதிவாகும்படி செய்யச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே அதை அழுத்தி ஒரு வரி அனுப்பி, யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு தளத்தில், அப்படி வந்தவை எல்லாம் பதவிக்காலம் முடிந்துபோன முன்னாள் செயலாளர் ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவரோ அவற்றைத் தமக்கு வரும் விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தார்.